அதிரசப் பாகும் அலுவலகப் பயிற்சியும்

அதிரசத்துக்கு வேண்டியவை இரண்டே பொருள்கள்: பச்சரிசி, வெல்லம். ஏலக்காயும் சுக்கும் மணத்துக்கு, எண்ணெய் பொரிக்க. செய்முறையை ஒரு அஞ்சலட்டையில் எழுதி முடித்துவிடலாம். இருந்தும் தீபாவளிக்கு முந்தைய வாரம் எத்தனையோ வீடுகளில் தட்டிப் போட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகிறது. வேறு சில வீடுகளில் கல்லாக இறுகுகிறது. இப்போது யார் கையிலும் வீடியோ இருக்கிறது, படிப்படியாக, தமிழிலேயே. அப்படியும் பாகு பதம் தவறுகிறது.

அலுவலகங்களில் நடக்கும் இணையவழிப் பயிற்சிகள் பலவற்றுக்கும் இதே கதிதான். நிறுவனம் பணம் போட்டு ஒரு கற்றல் மென்பொருளை வாங்குகிறது. 'எல்எம்எஸ்' என்று அலுவலகத்தில் சொல்வார்களே, அது. அழகான படங்களோடு பாடங்கள் தயாராகின்றன. ஊழியர்கள் 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போய், கடைசியில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சான்றிதழை இறக்கிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய தவறு பழைய இடத்திலேயே நடக்கிறது. அதே மாதிரி மென்பொருளை வைத்துக்கொண்டு, வேறு சில இடங்களில் வேலை செய்யும் விதமே மாறிவிடுகிறது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒரு பலகாரக் கூடத்துக்குள் போவோம். கல்யாணச் சீருக்கு அதிரசமும் முறுக்கும் லட்டும் கூடை கூடையாகப் போடும் கூடம். ஒரு மாஸ்டர், பழகிய கைகள் நாலைந்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன். அந்தப் பையன் அதிரசம் போடக் கற்றுக்கொள்வதுதான் நம் பாடம். பக்கத்திலேயே நிஜமான வேலையிடம் ஒன்றையும் வைத்துக்கொள்வோம்: மருத்துவமனை. பயிற்சி பலித்ததா இல்லையா என்பது அங்கே உயிர்க் கணக்கில் தெரியும். அதை ஆராய்ச்சியாளர்கள் பொறுமையாக அளந்தும் வைத்திருக்கிறார்கள்.

பிரிவது எதனால்?

அதிரசம் எண்ணெயில் பிரிந்தால், கூடத்தின் முதலாளி பையனைத்தான் பார்ப்பார். "இவனுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுங்க" என்பார். மாஸ்டர் அப்படிச் செய்வதில்லை. முதலில் மாவை உள்ளங்கையில் பிடித்து ஈரம் பார்ப்பார். வாங்கி வந்தது பாகு வெல்லம்தானா என்று கேட்பார். எண்ணெயின் காய்ச்சலைப் பார்ப்பார். இவை எல்லாம் சரியாக இருந்து பாகு மட்டும் தப்பியிருந்தால்தான் பையனுக்குக் கற்றுக்கொடுக்க விஷயம் இருக்கிறது. மாவில் பிழை என்றால், எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தாலும் அதிரசம் பிரியத்தான் செய்யும்.

பயிற்சித் துறையில் இந்த முதல் பரிசோதனையைப் பலர் செய்வதே இல்லை. தோல்விகளில் பெரும்பகுதி இங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில் மேலாளர்களுக்கு எளிய சோதனை ஒன்றைச் சொன்னார்கள். அந்த ஊழியரின் உயிரே அந்த வேலையைப் பொறுத்தது என்று வைத்துக்கொண்டால், அவர் அதைச் சரியாகச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, தடை வேறெங்கோ இருக்கிறது. தாமஸ் கில்பர்ட் 1978இல் இதை இன்னும் விரிவாக்கினார். தெளிவான தகவல், சரியான கருவி, நியாயமான ஊக்கம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள், ஊழியரின் அறிவுக்கு அதன் பிறகு வாருங்கள் என்பது அவர் வகுத்த வரிசை.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையின் கதை இதற்கு நல்ல சான்று. நோயாளியைத் தொடும் முன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எந்தச் செவிலியருக்கும் தெரியாததல்ல. ஒரு படுக்கைக்கும் அடுத்த படுக்கைக்கும் இடையே குழாயடிக்கு நடந்து போய், சோப்புப் போட்டு, துடைத்துத் திரும்ப நேரம்தான் இல்லை. டிடியே பிட்டேயின் குழு படுக்கைக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் கரைசலை வைத்தது. கூடவே சுவரொட்டிகள், அளந்து பார்த்து முடிவைத் தெரிவித்தல், மருத்துவமனைத் தலைமையின் வெளிப்படையான ஆதரவு எல்லாம் சேர்ந்தன. 1994இல் 48 சதவீதமாக இருந்த கைச் சுத்தப் பழக்கம் 1997இல் 66 சதவீதம் ஆனது. அங்கே ஒரு மணி நேரப் பாடம் மட்டும் போட்டிருந்தால், தெரிந்த விஷயத்தை மீண்டும் தெரியவைத்ததோடு முடிந்திருக்கும்.

ஆகவே பாடம் தேவைதானா என்பது முதல் கேள்வி. தேவைதான் என்று உறுதியானால், எந்தச் செயலை மாற்றப் பாடம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். "தகவல் பாதுகாப்பு குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்று எழுதினால் யாரும் எதையும் மாற்றப்போவதில்லை. "பொருள் தருபவரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், கணக்குப் பிரிவு ஊழியர் பணம் அனுப்பும் முன்பு, ஏற்கெனவே கோப்பில் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதிப்படுத்த வேண்டும்" என்று எழுதினால், யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது. பாடத்தில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்த ஒரு வாக்கியமே தீர்மானித்துவிடும்.

மாஸ்டரின் விரல் நுனி

பாகை எப்போது இறக்க வேண்டும் என்று மாஸ்டரைக் கேட்டால், "பதம் வந்ததும்" என்பார். பதம் எப்போது வரும்? "பார்த்தாலே தெரியும்." அவர் எதையும் மறைக்கவில்லை. முப்பது வருடம் செய்த கைக்குத் தான் செய்வது தனித்தனிப் படிகளாகத் தெரிவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் மற்றது புரியும். கொதி அடங்கி நுரையின் நிறம் மாறும்போது அவர் பேச்சை நிறுத்துகிறார். ஒரு சொட்டுப் பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டிப் பார்க்கிறார். கரைந்து ஓடினால் இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும். மெத்தென்று உருண்டால் அந்தக் கணமே அண்டாவை இறக்குகிறார். தட்டினால் 'டக்'கென்று ஓசை வந்தால் காலம் கடந்துவிட்டது.

வேலையிடப் பாடங்கள் பெரும்பாலும் மாஸ்டர் வாயால் சொன்னதை வைத்தே எழுதப்படுகின்றன. துறை வல்லுநரிடமிருந்து எண்பது பக்கப் பவர்பாயின்ட் வரும். அதில் விதிகள் இருக்கும், வரையறைகள் இருக்கும், நிறுவனத்தின் வரலாறுகூட இருக்கும். தண்ணீரில் விட்ட அந்தச் சொட்டு இருக்காது. வல்லுநர்கள் ஒரு வேலையை விவரிக்கும்போது தாங்கள் எடுக்கும் முடிவுகளில் பெரும்பகுதியை அறியாமலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதை ரிச்சர்ட் கிளார்க் போன்ற கல்வி உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால் பாடம் எழுதுபவர் வேலையிடத்துக்குப் போய் நிற்க வேண்டும். வல்லுநரிடம் "எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்பதைவிட, "கடைசியாக இது தப்பிப்போனது எப்போது? அப்போது எதைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

இன்னொரு வழியும் உண்டு. மாஸ்டரைவிட, போன வருடம் கற்றுக்கொண்ட பையனிடம் கேளுங்கள். எந்த இடத்தில் தடுக்கி விழுந்தோம் என்பது அவனுக்கு இன்னும் மறந்திருக்காது. எந்தத் தவறு எல்லோருக்கும் வரும், எது அபூர்வம் என்று சொல்ல அவனே பொருத்தமான ஆள்.

எவ்வளவு, யாருக்கு?

புதுப் பையனுக்கு முதல் நாளே அதிரசம், ஜாங்கிரி, மைசூர்பாகு எல்லாவற்றின் பாகுப் பதமும் சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் தங்காது. ஒரே சமயத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடிய புதிய விஷயங்கள் ஏறத்தாழ நான்குதான் என்று நெல்சன் கவான் 2001இல் காட்டினார். ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1988 முதல் வளர்த்தெடுத்த 'அறிதல் சுமை' கோட்பாடும் இதைத்தான் சொல்கிறது. சுமை கூடினால் கற்றல் குறையும்.

அலுவலகப் பாடங்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். திரையில் முழுப் பத்தி எழுத்து. அதையே ஒரு குரல் வரிக்கு வரி வாசிக்கும். இரண்டு வழியாகச் சொன்னால் நன்றாகப் பதியும் என்று தயாரிப்பவர்கள் நினைக்கிறார்கள். கலிபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர் நடத்திய சோதனைகள் இதற்கு எதிராக இருக்கின்றன. படமும் குரலும் சேரும்போது கற்றல் நன்றாக நடக்கிறது. அதன்மேல் குரல் சொல்வதையே எழுத்தாகவும் ஓடவிட்டால் கண் இரண்டு பக்கம் இழுக்கப்பட்டுக் கற்றல் குறைகிறது. பாடம் கேட்பவரின் தாய்மொழியில் இல்லாதபோது எழுத்து உதவக்கூடும். நம் ஊர்ப் பணியிடங்களுக்கு இது முக்கியமான விதிவிலக்கு. ஆனால் அந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது, வார்டு உதவியாளருக்கும் காவலாளிக்கும் உள்ள பாடத்தை அவர்கள் வேலையில் பேசும் தமிழில் போடுவதுதான்.

அடுத்து, எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற பழக்கம். இருபது வருடம் அதிரசம் தட்டிய அம்மாவை உட்காரவைத்து "இதுதான் வெல்லம்" என்று ஆரம்பித்தால் அவர் மனம் புண்படும். கற்றலுக்கும் அது கெடுதல் என்கிறது ஆராய்ச்சி. புதியவருக்கு உதவும் விரிவான விளக்கம் பழகியவருக்குத் தடையாகிறது என்பதை ஸ்லாவா கல்யூகாவும் சக ஆய்வாளர்களும் நிறுவியிருக்கிறார்கள். முதலிலேயே ஒரு சோதனை வையுங்கள். தெரிந்தவர்கள் அதில் தேறி, நேராகத் தெரியாத பகுதிக்குப் போகட்டும். இதற்குச் செலவும் அதிகம் ஆகாது.

கை படாமல் பதம் வராது

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம்.

உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு மூச்சுவிடத் தொடங்க ஏதாவது ஓர் உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு உடம்பைத் துடைத்துத் தூண்டினாலே போதும். சிலருக்கு முதல் நிமிடத்துக்குள் முகமூடி வைத்துப் பையால் காற்று செலுத்த வேண்டும். தலை சரியான கோணத்தில் இருக்க வேண்டும், முகமூடி கசியக் கூடாது, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மார்பு ஏறி இறங்க வேண்டும். அதிரசப் பாகைப் போல இதுவும் கை அறிய வேண்டிய பதம். இதைப் பிரசவ உதவியாளர்களுக்குக் கற்பிக்க அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2010இல் 'ஹெல்பிங் பேபீஸ் ப்ரீத்' என்ற பயிற்சித் திட்டத்தை வெளியிட்டது.

தான்சானியாவின் ஹைடோம் ஊர் மருத்துவமனையில் இந்தப் பயிற்சியை ஒரு நாள் வகுப்பாக நடத்தினார்கள். ஏழு மாதங்கள் கழித்து, பொம்மைக் குழந்தையை வைத்துத் தேர்வு வைத்தார்கள். உயிர்ப்பித்தல் தேர்வில் தேறியவர்கள் பயிற்சிக்கு முன்பு 18 சதவீதம். இப்போது 74 சதவீதம். எந்த நிறுவனமும் இந்த எண்ணைப் பார்த்தால் பயிற்சி வெற்றி என்று அறிவித்துவிடும். ஹெகே எர்ஸ்டாலும் அவருடைய குழுவும் அங்கே நிற்கவில்லை. பிரசவ அறைக்குள் போய் நிஜக் குழந்தைகளுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அங்கே கவனிப்பில் மாற்றமே இல்லை. 2013இல் வெளியான அந்த ஆய்வின் முடிவை இதற்கு மேல் சுருக்க முடியாது: தேர்வில் தேறினார்கள், வேலையில் எதுவும் மாறவில்லை.

பிறகு அதே மருத்துவமனையில் வேறொன்று செய்தார்கள். பொம்மையைப் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். வாரா வாரம், வேலைக்கு நடுவில், மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டும் ஒவ்வொருவரும் அதில் பழகினார்கள். 2015இல் எஸ்டொமி மடுமாவின் குழு முடிவை வெளியிட்டது. பிறந்த முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2ஆகக் குறைந்திருந்தார்கள். அதே பாடம், அதே பொம்மை, அதே ஊர். ஒரு நாள் வகுப்பு வாரத்துக்குச் சில நிமிடமாகி, வகுப்பறை அடுப்படிக்கு வந்தது.

இது இணையவழிப் பயிற்சி அல்ல என்பது உண்மைதான். ஆனால் இணையவழிப் பயிற்சி செய்ய வேண்டிய வேலை எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு வேறு எனக்குத் தெரியாது. மறதியைப் பற்றி 1885லேயே ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதினார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது. இடைவெளி விட்டு மீண்டும் கற்றால் தங்குகிறது. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் இன்னொரு திரையை விலக்கினார்கள். ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தார்கள், மறு சாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மீண்டும் படித்தவர்களே முன்னால்: 81க்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: படித்தவர்கள் 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம்.

இதைப் பாடத்தின் கடைசியில் வரும் வழக்கமான பத்துக் கேள்விகளோடு வைத்துப் பாருங்கள். பாடம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் நாம் தேர்வு வைக்கிறோம். எல்லோரும் தேறுகிறார்கள். அந்த மதிப்பெண் அடுத்த வாரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பத்துக் கேள்விகளையும் ஒரே நாளில் கேட்காமல், மூன்றாம் நாள் இரண்டு, பத்தாம் நாள் மூன்று, ஒரு மாதம் கழித்து மீதி என்று அலைபேசிக்கு அனுப்பினால், அதே கேள்விகள் பல மடங்கு வேலை செய்யும். கேள்விகளும் 'எது சரியான வரையறை?' என்று இருக்கக் கூடாது. "மின்னஞ்சல் இதோ, மாலை ஐந்து மணி, மேலாளர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்வீர்கள்?" என்று இருக்க வேண்டும். தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை அங்கேயே காட்ட வேண்டும். எண்ணெயில் பிரிவதைப் பையன் தன் கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டால் பாகை அவசரமாக இறக்க மாட்டான். பாடத்துக்குள் தப்புச் செய்தால் யாருக்கும் நட்டம் இல்லை என்பதுதான் கணினி தரும் பெரிய வசதி. அதை விட்டுவிட்டு வீடியோ ஓட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சுவரில் ஒட்டிய சீட்டு

பலகாரக் கூடத்தின் சுவரில், நூறு பேருக்கு எவ்வளவு, ஐந்நூறு பேருக்கு எவ்வளவு என்று அளவுச் சீட்டு ஒட்டியிருக்கும். மாஸ்டர்கூட அதை மனப்பாடம் செய்வதில்லை, நிமிர்ந்து பார்த்துக்கொள்வார். பதம் கையில் இருக்க வேண்டும், அளவு சுவரில் இருந்தால் போதும். வேலையிடப் பயிற்சியிலும் எதை நினைவில் ஏற்ற வேண்டும், எதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் போதும் என்று பிரித்துவிட்டால், பாடம் பாதியாகக் குறைந்துவிடும். வரி விகிதம், படிவ எண், மென்பொருளில் பொத்தான் இருக்கும் இடம் போன்றவற்றை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டையும் இணைத்த நல்ல எடுத்துக்காட்டு 'சேஃப் டெலிவரி ஆப்'. டென்மார்க்கின் மெட்டர்னிட்டி ஃபவுண்டேஷன், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தோடும் தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து உருவாக்கிய செயலி. பிரசவ அவசரங்களைச் சிறு சிறு அசைபடங்களாகக் காட்டும். எந்த மருந்து எவ்வளவு என்ற பட்டியலும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற அட்டைகளும் உள்ளே உண்டு. ஒரு தரம் இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். எத்தியோப்பியாவின் கிராமப்புறத்தில் 73 சுகாதார நிலையங்களை இரு பிரிவாக்கி இதைச் சோதித்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, செயலி கிடைத்த நிலையங்களில் ஊழியர்களின் திறன் ஆறு மாதம் கழித்தும் பன்னிரண்டு மாதம் கழித்தும் தெளிவாக உயர்ந்திருந்தது. பிறப்பையொட்டிய சிசு மரணம் மற்ற நிலையங்களில் ஆயிரத்துக்கு 23, இங்கே 14. இந்தக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குள்தான் புள்ளியியல்படி இருந்தது. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் அப்படியே சொன்னார்கள். திறன் பன்னிரண்டாம் மாதமும் தங்கியிருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். பாடம் ஊழியரின் பையிலேயே, பிரசவ அறை வரைக்கும் கூடவே வந்தது.

மாஸ்டர் கரண்டியைக் கொடுத்தாரா?

பையன் எல்லாம் கற்றுவிட்டான். ஆனால் கூடத்தில் அவசரம். மாஸ்டர், "நீ தள்ளு, நானே பார்த்துக்கிறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொள்கிறார். இரண்டு மாதம் அப்படியே போனால் பையனின் கை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

டிமதி பால்ட்வினும் கெவின் ஃபோர்டும் 1988இல், பயிற்சி வேலைக்கு வந்து சேர்வதைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கற்பவர், பாடத்தின் அமைப்பு, வேலையிடம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கண்டது. நம் நிறுவனங்கள் பணத்தை நடுவில் உள்ளதில் மட்டும் கொட்டுகின்றன. மேலாளருக்குப் பாடத்தின் பெயர்கூடத் தெரியாது. ஊழியர் புதிய முறையில் செய்யப் போனால், "அதெல்லாம் டிரெய்னிங்ல சொல்றது, நீங்க வழக்கம்போலச் செய்யுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் லட்ச ரூபாய்ப் பாடமும் அழிந்துபோகும்.

அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சப் பாதுகாப்புச் சீட்டின் கதை இதைக் காட்டுகிறது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகள் அதை ஆர்வத்தோடு, பயிற்சியோடு, உள்ளூர்த் தலைமையோடு கையாண்டன. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8ஆகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7ஆகவும் குறைந்தன. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதே சீட்டு 101 மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தது. முன்னும் பின்னும் மூன்று மூன்று மாதங்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. ஏன் என்பது பற்றி இன்றும் வாதங்கள் உண்டு. என் பார்வையில், மேலிருந்து வந்த கட்டளைக்குச் சீட்டில் டிக் அடிப்பதும், அறுவை அறையின் தலைவர் தானே நின்று அதை வாசிப்பதும் வேறு வேறு செயல்கள்.

இணையவழிப் பாடத்திலும் இப்படித்தான். தொடங்கும் முன் மேலாளர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "இதைக் கற்று வந்து இந்த வேலையை இப்படிச் செய்யப்போகிறீர்கள்" என்று சொல்ல வேண்டும். முடிந்ததும், "செய்து பார்த்தீர்களா? எங்கே இடித்தது?" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு பேச்சுக்கும் எந்த மென்பொருளும் தேவையில்லை.

கூடையை எண்ணுவதா, கடித்துப் பார்ப்பதா?

இவ்வளவு தெரிந்தும் நிறுவனங்கள் ஏன் முடித்தோர் சதவீதத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன? ஒரு காரணம் தொழில்நுட்பத்திலேயே புதைந்திருக்கிறது. பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ள, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் அமைப்பு 2000ஆவது ஆண்டில் 'ஸ்கார்ம்' என்ற பொது விதிமுறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த 1.2 பதிப்பு இன்றும் பரவலாகப் புழங்குகிறது. அதில் ஒரு பாடத்தின் நிலையைச் சொல்ல ஆறே சொற்கள்: தேறினார், முடித்தார், தேறவில்லை, முடிக்கவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடவில்லை. மதிப்பெண்ணும் எடுத்துக்கொண்ட நேரமும் கூட வரும். வேலையிடத்தில் என்ன மாறியது என்று சொல்ல அதில் இடமே கிடையாது. கணினி எதைச் சொல்ல முடிந்ததோ அதையே நாம் வெற்றி என்று அழைக்கத் தொடங்கிவிட்டோம். 2013இல் வந்த 'எக்ஸ்ஏபிஐ' பாடத்துக்கு வெளியே நடப்பதையும் பதிவுசெய்ய வழி தருகிறது. ஆனால் எதைப் பதிவுசெய்வது என்று மனிதர்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இலேயே நான்கு படிகளை வகுத்துவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு என்ன விளைந்தது. ஹைடோமில் இரண்டாம் படி வரை எல்லாம் சரி. மூன்றாம் படியில்தான் உண்மை தெரிந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் படியிலும் இரண்டாம் படியிலும் உட்கார்ந்துவிடுகின்றன.

நம் நாட்டின் மிகப் பெரிய பயிற்சி முயற்சிகளில் ஒன்றை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மத்திய அமைச்சரவை 2020 செப்டம்பர் 2 அன்று 'மிஷன் கர்மயோகி' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்காக ஐந்தாண்டுகளுக்கு 510.86 கோடி ரூபாய். 'ஐகாட் கர்மயோகி' அதன் இணையத்தளம். விதியை வைத்து ஊழியரை நிர்வகிப்பதிலிருந்து, அவர் வகிக்கும் பொறுப்பை வைத்து நிர்வகிப்பதற்கு மாறுவது என்பது திட்டத்தின் அடிப்படை எண்ணம். ஒவ்வொரு பொறுப்புக்கும் என்ன செயல்கள், அவற்றுக்கு என்ன திறன்கள் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. இது முழுக்கச் சரியான தொடக்கம், மாவை உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கும் வேலை இதுதான். 2024 அக்டோபரில் நடந்த தேசியக் கற்றல் வாரத்தில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு மணி நேரக் கற்றல் என்று இலக்கு வைத்தார்கள். ஆர்வத்தைத் தூண்ட அது உதவலாம். ஆனால் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்தவரோ ஓய்வூதியக் கோப்பு நகரக் காத்திருக்கும் முதியவரோ அந்த நான்கு மணி நேரத்தை உணரப்போவதில்லை. கோப்பு எத்தனை நாளில் நகர்ந்தது, எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டது என்பதே அவர்களுக்குத் தெரியும். மத்திய அரசானாலும் மாநில அரசானாலும், அந்த எண்ணையும் பயிற்சிக் கணக்கையும் ஒரே அறிக்கையில் வைத்துப் பார்க்கும் துறையில்தான் பயிற்சி உண்மையில் வேலைக்குள் இறங்கும்.

பாடம் வெளியாகும் முன் ஒரு சிறு முன்னோட்டமும் வேண்டும். மாஸ்டர் முதல் அதிரசத்தைத் தட்டிப் போட்டுப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மீதி மாவைத் தொடுவார். ஐந்தாறு ஊழியர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, உதவி செய்யாமல், பாடத்தை நடத்தச் சொல்லிப் பாருங்கள். எங்கே விழிக்கிறார்கள், எங்கே சலிக்கிறார்கள் என்று ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும். இதைத் தவிர்த்துவிட்டு ஆயிரம் பேருக்கு அனுப்பினால் ஆயிரம் பேரின் நேரம் போகும்.

உங்கள் நிறுவனத்தில் அடுத்த இணையவழிப் பயிற்சிக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடுபவர் நீங்கள் என்றால், மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். எந்த ஊழியர் எந்தச் செயலை எப்படி மாற்றிச் செய்யப்போகிறார் என்ற ஒற்றை வாக்கியம் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பாடத்தைப் படிக்க வேண்டிய நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு கொடுக்க வேண்டும்; இரவு உணவுக்குப் பிறகு வீட்டில் படிக்கச் சொல்லக் கூடாது. மொத்தச் செலவில் ஒரு பங்கை எடுத்துவைத்து, மூன்று மாதம் கழித்து ஒருவரை வேலையிடத்துக்கே அனுப்பிப் பார்த்துவரச் சொல்ல வேண்டும். அவர் கொண்டுவரும் பதில் சங்கடமாக இருந்தாலும், அடுத்த பாடத்தை அதிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.